பிந்தி வரும் ‘நான்’

விமானங்களின் வேகத்தை ‘மாக்’ என்ற அளவில் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், புலனுணர்வுகளைப் பற்றி 1886இல் வெளியிட்ட நூலில் ஒரு விசித்திரமான படம் இருக்கிறது. அவர் தம்மைத் தாமே வரைந்த படம். சாய்ந்து படுத்தபடி வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணுக்கு அகப்படுவதை மட்டும் வரைந்திருக்கிறார். மேலே புருவத்தின் வளைவு, ஓரத்தில் மூக்கின் ஒரு பக்கம், கீழே மீசை. அதற்கப்பால் மார்பு, நீட்டிய கால்கள், பென்சில் பிடித்த கை, அறையின் சன்னல். தலை இல்லை. ஓவியர்கள் கண்ணாடியைப் பார்த்துத் தம்மை வரையும்போது முகமே பிரதானமாக இருக்கும். மாக் கண்ணாடியை விலக்கிவிட்டார். அனுபவத்தில் நேராகக் கிடைப்பது எது, நாமாகச் சேர்த்துக்கொள்வது எது என்று பிரித்துக் காட்டுவது அவர் நோக்கம். கண்ணுக்குச் செய்த அந்தச் சோதனையை மனத்துக்கும் செய்யலாம். உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் சான்று கேட்கும் நாம் ‘நான்’ என்பதற்கு மட்டும் கேட்பதில்லை. கேட்டால் என்ன கிடைக்கிறது? வேதாந்தமும் வேண்டாம், மூளை நூலும் வேண்டாம். முதலில் இருப்பதைப் பார்ப்போம்.

சொல்லாமலே நம் எல்லோர் மனத்திலும் ஒரு சித்திரம் இருக்கிறது. உடம்புக்குள் ஒருவர் இருக்கிறார். கண் வழியே பார்ப்பதும் காது வழியே கேட்பதும் அவர்தான். எண்ணங்களை உண்டாக்குவதும் முடிவுகளை எடுப்பதும் அவர்தான். உடம்பும் மனமும் அவருடைய சொத்து. எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பலர் கண்களுக்குச் சற்றுப் பின்னால் என்பார்கள், சிலர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளிவந்த தம் பெரிய உளவியல் நூலில் இந்த இடத்தைப் பொறுமையாகத் துழாவியிருக்கிறார். ஒன்றைக் கவனிக்கும்போதும், ஒப்புக்கொள்ளும்போதும், மறுக்கும்போதும், முயலும்போதும் உள்ளே துலங்குகிறதே ஒரு ‘தான்’, அது எதனால் ஆனது என்று உற்றுப் பார்த்தார். அவருக்குத் தெளிவாக அகப்பட்டவை பெரும்பாலும் தலைக்குள்ளும், தலைக்கும் தொண்டைக்கும் இடையிலும் நடக்கும் நுண்ணிய அசைவுகளே. விழி திரும்புவது, புருவம் இறுகுவது, தொண்டை அடைபடுவது, மூச்சு ஒரு கணம் நிற்பது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய செய்தி இது. சற்றுக் கடினமான கணக்கு ஒன்றை மனத்துக்குள் போட்டுப் பாருங்கள். ‘நான் யோசிக்கிறேன்’ என்ற அந்த உணர்வில் நெற்றிச் சுருக்கத்துக்கும் தாடை இறுக்கத்துக்கும் எவ்வளவு பங்கு என்பது தெரியவரும்.

நெற்றியின் இறுக்கம் நமக்குத் தெரிகிறது. தெரிகிறது என்பதாலேயே அது தெரிந்துகொள்பவராக இருக்க முடியாது. இதே தர்க்கத்தை வலியிலும் குரலிலும் நினைவிலும் வைத்துப் பார்க்கலாம். மனத்துக்குள் ஓடும் பேச்சு கேட்கிறது, ஆகவே அது கேட்பவர் அல்ல. சோகம் வந்து கவிவது தெரிகிறது, ஆகவே அதுவும் அல்ல. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் நிற்பது எது? ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் இந்தக் கேள்வியோடு தமக்குள் நுழைந்தார். நுழைந்த ஒவ்வொரு முறையும் அவருக்கு எதிர்ப்பட்டது சூடோ குளிரோ, வெளிச்சமோ நிழலோ, விருப்போ வெறுப்போதான். இவற்றையெல்லாம் அனுபவிக்கும் ஒருவரை அவர் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. சாரநாத்தில் புத்தர் நிகழ்த்திய இரண்டாவது உரையும் இந்த வழியில்தான் போகிறது. உடல், நுகர்ச்சி, குறிப்பு, மனத்தின் ஆக்கங்கள், உணர்வு என்று ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ‘இது நானா’ என்று கேட்டு விலக்குகிறது. இருவருக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பார்த்த விதத்தில் மட்டும் அவ்வளவு தூரம் இல்லை.

வெறுமனே தேடிக் கிடைக்கவில்லை என்பதைவிட முக்கியமான ஒன்று இந்தக் கவனிப்பில் வெளிப்படுகிறது. நடப்பவற்றின் வரிசைதான் அது. ஏதாவது ஒரு பூவின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். தாழம்பூ என்றோ எருக்கம்பூ என்றோ ஒன்று வந்திருக்கும். அது வருவதற்கு முன் அது வரப்போகிறது என்று தெரியுமா? தெரிந்திருந்தால் அது அப்போதே வந்துவிட்டது என்று பொருள். தெரிந்த நூறு பூக்களை வரிசையாக நிறுத்தி ஒன்றைக் கைகாட்டியதாகவும் நினைவில்லை. பெயர் எங்கிருந்தோ எழுந்தது. எழுந்த பிறகு ‘நான் நினைத்தேன்’ என்ற இன்னோர் எண்ணம் பின்னால் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. கோபத்திலும் இதே வரிசைதான். முகம் சூடாகிறது, பல் நெறுநெறுக்கிறது, சொல் வாயிலிருந்து போய்விடுகிறது. ‘எனக்குக் கோபம், கோபப்பட எனக்கு உரிமை உண்டு’ என்ற பட்டா அதன்பிறகு எழுதப்படுகிறது. என் வாதம் இவ்வளவுதான்: ‘நான்’ என்று நாம் நம்பியிருப்பது செயல்களைத் தொடங்கி வைக்கும் முதலாளி அல்ல, நடந்து முடிந்தவற்றின்மேல் பிந்தி வந்து உரிமை கொண்டாடும் ஓர் எண்ணம்.

இது வெறும் அகப்பார்வை, ஆளுக்கொரு விதமாகத் தெரியலாம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி வெளியிலிருந்தும் சான்றுகள் இருக்கின்றன. ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரையில், கடையில் பெண்கள் அணியும் காலுறைகளில் நான்கு ஜோடிகளைப் பரப்பி வைத்து எது நல்ல தரம் என்று வருவோரைக் கேட்ட சோதனையைச் சொல்கிறார்கள். நான்கும் ஒன்றேபோலத் தயாரானவை. ஆனால் வலக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்கள், இடக்கோடியில் இருந்ததைத் தேர்ந்தவர்களைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏன் என்று கேட்டபோது இருந்த இடத்தை ஒருவரும் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டும் ஏறக்குறைய எல்லோருமே மறுத்தார்கள். 2005இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சனும் லார்ஸ் ஹாலும் சகாக்களும் இன்னும் குறும்பான ஒன்றைச் செய்தார்கள். இரண்டு முகங்களின் படத்தைக் காட்டி எது அழகு என்று கேட்டுவிட்டு, சில தடவைகளில் கண்கட்டு வித்தைபோல், தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து ‘இதை ஏன் தேர்ந்தீர்கள்’ என்றார்கள். பெரும்பாலான தடவைகளில் மாற்றம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. கையில் இருந்த படத்துக்குக் காரணம் மட்டும் தடையில்லாமல் வந்தது, தாம் தேர்ந்த முகத்தில் இல்லாத அம்சங்களைக்கூடப் பாராட்டி.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைக் கடுமையான வலிப்பு நோய்க்காக வெட்டிப் பிரித்தவர்களிடம் மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970களில் கண்டது இதைவிடத் தெளிவானது. பேச்சை ஆளும் இடப்பாதிக்கு ஒரு கோழிக்காலையும், பேசத் தெரியாத வலப்பாதிக்குப் பனி மூடிய வீட்டையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னபோது வலக்கை கோழியைக் காட்டியது; இடக்கை பனி அள்ளும் மண்வாரியைக் காட்டியது. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். இடப்பாதிக்குப் பனி தெரியாது. ஆனாலும் தயங்கவில்லை. கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று பதில் வந்தது. பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை; தெரியாத காரணத்தின் இடத்தில் ஒரு காரணம் அமர்த்தப்பட்டது, அவ்வளவுதான். இந்த விவாதத்தில் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983ஆம் ஆண்டுச் சோதனையை முதல் சாட்சியாக இழுப்பது வழக்கம். விரலை அசைக்க முடிவெடுத்ததாக மனிதர் உணர்வதற்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்றார் அவர். அந்த மின்மாற்றம் முடிவின் தொடக்கம்தானா, இல்லை மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வா என்ற சந்தேகம் பின்னால் வலுவாக எழுந்திருக்கிறது. ஆகவே அதை நம்பி நான் எதையும் கட்டவில்லை. மற்ற மூன்றும் காட்டுவது சிறிய விஷயம், ஆனால் உறுதியான விஷயம்: செய்த காரியத்துக்கு உள்ளிருந்து வரும் ‘நான் இதற்காகச் செய்தேன்’ என்ற வாக்குமூலம், நேரில் கண்டவரின் சாட்சியமாக இல்லாமலும் வர முடியும், வரும்போது அதே உறுதியோடு வருகிறது.

பிந்தி வந்து உரிமை கொண்டாடும் இந்த எண்ணத்துக்கு ரமண மகரிஷி ஒரு கல்யாண வீட்டுக் கதை சொல்வதுண்டு. அழைக்காமலே ஒருவன் கல்யாணத்துக்கு வந்து சேர்கிறான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளையின் தோழன் என்று எண்ணி உபசரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வேண்டியவன் என்று எண்ணுகிறார்கள். அவன் இரு பக்கமும் அதிகாரம் செய்துகொண்டு திரிகிறான். ஒருநாள் யார் இவன் என்று இரு வீட்டாரும் விசாரிக்கத் தொடங்கினதும் ஆள் நழுவிவிடுகிறான். உடலுக்கும் அறிவுக்கும் இடையில் நின்று இரண்டையும் தன்னுடையது என்று சொல்லும் அகந்தையைத்தான் அப்படிக் காட்டினார். அவர் பேசியது படித்த படிப்பைக் கொண்டு அல்ல. 1896இல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று வந்த மரணபயத்தை விரட்டாமல், செத்தவனைப்போல் படுத்துக்கொண்டு, சாவது எது என்று உள்ளே பார்த்தவர் அவர். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும் அவர் தந்த விடைகளும் பின்னால் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. அந்த நூலைப் பக்தியோடு படிப்பவர்கள் பலர். அதில் இருப்பது ஒரு சோதனை முறை, யாரும் செய்து பார்க்கலாம் என்று எடுத்துக்கொள்பவர்கள் சிலர்.

இந்த வாதத்துக்கு எதிராகத் தமிழில் எழுந்த மறுப்பே எனக்குத் தெரிந்ததில் மிக வலுவானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் முதலாவது, இது இல்லை, அது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துச் சொல்ல ஒன்று வேண்டும் என்பது. எல்லாவற்றையும் மறுத்த பிறகும் மறுத்த அறிவு மிஞ்சுகிறது. அதை மறுக்க முடியாது. இந்த மறுப்பை நான் முழுக்க ஏற்கிறேன். அறிதல் நடக்கிறது என்பதை எந்தக் கவனிப்பும் பொய்யாக்காது, ஏனென்றால் கவனிப்பே அறிதல்தான். ஆனால் அறிதல் உண்டு என்பதிலிருந்து, அறிதலை வைத்து ஆளும் முதலாளி ஒருவர் உண்டு என்பது தானாகக் கிடைத்துவிடாது. ஜெர்மானியரான இம்மானுவேல் கான்ட் 1781இல் இந்த வழுக்கலைத்தான் சுட்டினார்: எண்ணங்களை எல்லாம் ‘நான் எண்ணுகிறேன்’ என்று கோத்துச் சொல்ல முடிகிறது என்பதால், அந்த ‘நான்’ அழியாத தனிப்பொருள் ஆகிவிடாது. மெய்கண்டாரும் அப்படி ஒரு முதலாளியை நிலைநாட்டவில்லை. அதே சூத்திரம், ஆன்மா தானாக அறிவது அல்ல, உணர்த்தினால் உணர்வது என்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மா தான் சார்ந்ததன் தன்மையாக நிற்பது. நான், எனது என்ற முனைப்பை அந்த மரபு ஆணவ மலத்தின் கணக்கில் வைக்கிறது. ஆன்மா இல்லை என்றவர்களும், உண்டு என்று அவர்களோடு சண்டை போட்டவர்களும் உரிமை கொண்டாடும் குரலைச் சந்தேகிப்பதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

அடுத்த மறுப்பு தொடர்ச்சி பற்றியது. பௌத்த நூலான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த சமண நூலான நீலகேசியும், அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கமும் பௌத்தரின் கணபங்க வாதத்தைக் கடுமையாகத் தாக்குகின்றன. கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து புதிதாகிறது என்றால் நேற்றுக் கற்றவர் யார், இன்று நினைவுகூர்பவர் யார், வினை செய்தவர் யார், பலனை நுகர்பவர் யார் என்பது அந்த வாதத்தின் சாரம். நியாயமான கேள்வி. இதற்கு 1953இல் மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலெய்சன் என்ற அமெரிக்கரிடம் எதிர்பாராத ஒரு விடை இருக்கிறது. அந்த அறுவைக்குப் பின் அவருக்குப் புதிய நிகழ்ச்சிகள் எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடிப் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரங்களுக்குள் கோடு இழுக்கப் பழக்கினார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் இதற்கு முன் இதைச் செய்திருக்கிறோம் என்ற நினைவு அவருக்கு ஒருநாளும் இல்லை. ‘நான் கற்றேன்’ என்று சொல்ல ஆள் இல்லாமலே கல்வி அடுத்த நாளுக்குப் போய்ச் சேர்ந்தது. காரியம் காரணத்திலிருந்து தொடர்வதற்கு, நடுவில் மாறாமல் நிற்கும் உரிமையாளர் கட்டாயம் இல்லை. அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. ஆனால் தொடர்ச்சியைக் காட்டி அவரை நிறுவ முடியாது என்பது தெளிவாகிறது.

மூன்றாவது மறுப்பு தர்க்கத்திலிருந்து வருவதில்லை, நம் சமூக வரலாற்றிலிருந்து வருகிறது. அதனாலேயே அதைக் கடந்துபோக முடியாது. ‘நான்’ என்று சொல்லவே அனுமதிக்கப்படாதவர்களிடம் போய் ‘நான் என்பதை விடு’ என்று உபதேசிப்பது எவ்வளவு பெரிய அநீதி! தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடமும் ஒடுக்கப்பட்டவரிடமும் பணிவு கேட்கப்பட்டிருக்கிறது. கேட்டவர்கள் தங்கள் அகந்தையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் ‘நானும் மனிதன்’ என்று நிமிரச் சொன்னது. அந்த நிமிர்வைக் கலைக்கும் தத்துவம் நமக்கு எதற்கு? எதிரே நிற்கிற மனிதருக்கு உரிய மதிப்பும், உள்ளே இருப்பதாக நினைக்கப்படும் முதலாளியும் ஒன்றல்ல என்பதே என் பதில். மதிப்பும் உரிமையும் மனிதர்களுக்கு இடையே உள்ள ஏற்பாடுகள். வலிக்கும் உடம்பும் அவமானத்தை உணரும் மனமும் இருந்தால் அவற்றுக்கு வேறு தகுதி வேண்டியதில்லை. இந்தக் கவனிப்பில் முதலில் உடைவது பிறப்பின் பெருமை. பிறந்த குழந்தையின் பசியிலோ அழுகையிலோ சாதி இல்லை. பிந்தி வந்து ஒட்டிக்கொண்ட ‘நான்’களில் மிகப் பிந்தியதும் மிக உரக்கக் கத்துவதும் அதுதான். ஆகவே ‘நான் யார்?’ என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவர், தம் குலத்தைச் சொல்லி மீசை முறுக்குகிறவர். அவமதிக்கப்பட்டவரிடம் அதைக் கொண்டுபோய் நீட்டுவது கேள்வியைத் திருடிப் பயன்படுத்துவது.

பொறுப்பு என்னவாகும் என்பார்கள். செய்தது நானல்ல, தானாக நடந்தது என்று தப்பிக்க இது வழி செய்யாதா? தப்பிப்பவர் ‘நான் காரணமல்ல’ என்று தமக்குச் சாதகமான ஒரு வாக்குமூலத்தைத்தான் தருகிறார். சந்தேகிக்கச் சொல்லியதே அந்த வாக்குமூலத்தை. காலுறைச் சோதனையை அறிந்த ஒருவர், நேர்காணலில் ஒருவரை ஒதுக்கிவிட்டுத் ‘தகுதி பார்த்துத்தான் ஒதுக்கினேன்’ என்று தமக்கே சொல்லிக்கொள்ளும்போது சற்று நிற்க வேண்டும். உள்ளிருந்து வந்த அந்தக் காரணத்தை நம்புவதைவிட, தாம் இதுவரை யார் யாரை ஒதுக்கியிருக்கிறோம் என்ற பட்டியலைப் பார்ப்பது நேர்மை. பொறுப்பு இதனால் கூடத்தான் செய்கிறது. இங்கே மருத்துவ எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தான் என்ற உணர்வு மரத்துப்போய், உடம்பும் உலகமும் அந்நியமாகத் தோன்றி வதைபடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஞானமல்ல, சிகிச்சை தேவைப்படும் துன்பம். அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர், இந்த விசாரணை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே உணர்வு மாறிப்போகிறது. இங்கே உணர்வின் மேல் எழுதப்பட்ட பட்டா சரிபார்க்கப்படுகிறது.

கடைசியில் மிஞ்சுவது என்ன என்பதில் பார்த்தவர்களே ஒத்துப்போகவில்லை. அனுபவங்களின் கட்டு, வேறொன்றும் இல்லை என்ற ஹியூமுக்கு, அந்தக் கட்டை எது கட்டியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. 1740இல் சேர்த்த பின்னிணைப்பில் அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ‘நான்’ என்ற எண்ணம் அடங்கிய பின் எஞ்சும் அறிவே மெய்யான தான் என்றார் ரமணர். அப்படி ஒரு பெயர் வைப்பதற்கும் பௌத்தம் இடம் தராது. கவனிப்பு தீர்த்துவைக்கிற வழக்கு அல்ல இது; தீர்த்துவிட்டதாகச் சொல்பவர் கவனிப்பில் கிடைக்காத ஒன்றைச் சேர்க்கிறார். ஆனால் தினசரி வாழ்க்கைக்கு அந்த முடிவு தேவையும் இல்லை. ‘என் குணமே அப்படித்தான்’, ‘நான் ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டேன்’, ‘என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா’ ஆகிய மூன்று வாக்கியங்களையும் இதுவரை தீர்ப்பாகப் படித்துவந்தோம். இனி மனுவாகப் படிக்கலாம். இந்த விசாரணைக்கு நல்ல நேரம் அமைதியான அதிகாலை என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமைதியில் அந்தக் குரலும் அமைதியாகத்தான் இருக்கும். யாரோ நம்மை மட்டம்தட்டிப் பேசிய கணத்திலும், யாரோ வானளாவப் புகழ்ந்த கணத்திலும்தான் அது உரிமைப் பத்திரத்தோடு ஓடிவருகிறது. விசாரிப்பதானால் அப்போது விசாரிக்க வேண்டும். மற்ற நேரத்தில் செய்வது ஒத்திகை.